ஜன்னலோர மிஷின்

அம்மாவின் காரியம் முடிந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் தெருவுக்கு நாலு பேருக்காவது அவள் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். வருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியை ஆறவிட்டு, ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "தனக்குன்னு எதையும் எடுத்துக்காத மனுஷிம்மா உங்க அம்மா."

நான் தலையாட்டுகிறேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை. ஆனால் அந்த வாக்கியம் தவறு. தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாதது அம்மாவுக்கு இருந்த கோளாறு. அதைத் தெரிந்துகொண்டு, தானே சரிசெய்தாள். அதற்குப் பிறகு பத்து வருஷம்கூட இருக்கவில்லை. வருகிறவர்கள் கோளாறை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சரிசெய்தது யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவள் பெயர் சாமுண்டீஸ்வரி. அப்பா முனிரத்தினம் முடிச்சூர் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அம்மா ஸ்ரீரங்கன் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனாள். மருந்துக் கடைக்கு மேல் மாடி. ஒரே நீள அறை. காலை ஆறு மணி பேட்சிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும் வரை அந்த மாடி கல் உடைக்கிற இடம் மாதிரி சத்தம் போடும்.

அம்மா டைப்பிங்கில் முதல் நிலையான லோயர் மட்டும் தேறியவள். ஆனால் அதற்கு அடுத்த நிலையான ஹையர் எழுதுகிறவர்களுக்கும் அவள்தான் பயிற்சி. ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடப்பாள். "மூணாவது வரிசை, சுண்டு விரல் தூங்குது" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். அவளிடம் படித்தவர்கள் ஹையர் முடித்து, கோட்டைக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போனார்கள். அவளுக்கு மட்டும் ஹையர் வரவில்லை.

எழுதாமல் இருந்ததில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை வரும். பல தடவை எழுதினாள். எல்லாம் ஃபெயில்.

டைப்பிங் பரீட்சைக்கு மிஷினை இன்ஸ்டிட்யூட்தான் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு சென்டர் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மேஜையும் நாற்காலியும்தான் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் சிட்டிபாபு தன் டிரைசைக்கிளைக் கொண்டுவருவார். மிஷின்களைக் கோணியில் சுற்றி ஏற்றுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சணலில் பெயர்ச்சீட்டு கட்டியிருக்கும். எவர் சீட்டு எந்த மிஷினில் என்பதில் பாதி ரிசல்ட் இருந்தது. பரீட்சை நெருங்கினால் பெண்கள் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். "மேடம், எனக்குக் கதவோர மிஷின் குடுங்க மேடம்."

அறையில் எங்கே இருக்கிறதோ அதுதான் மிஷினுக்குப் பெயர். கதவோர மிஷின் வெண்ணெய் மாதிரி ஓடும். ஜன்னலோர மிஷின் மழைச்சாரல் பட்டுப் பட்டு உள்ளே துருப்பிடித்தது. வேகம் கூட்டினால் தாள் சுற்றிய கேரேஜ் ஓர் இடம் தாண்டிக் குதிக்கும். நடுவில் வெற்றிடம் விழும். ஹையரில் ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு தப்பு.

சீட்டு எழுதிக் கட்டுகிறவள் அம்மா. ஒவ்வொரு தடவையும் ஜன்னலோர மிஷினில் தன் பெயரைக் கட்டினாள்.

"பசங்களுக்கு வாழ்க்கை பிரச்சினை. நான் எப்ப வேணா எழுதிக்கலாம்" என்பாள். ஃபெயிலாவாள். பசங்களின் பெற்றோர் பழம், வெற்றிலையோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்ரீரங்கன் சார், "உங்களை மாதிரி ஒரு ஜீவன் உண்டா ஈஸ்வரி" என்பார். ரிசல்ட் வந்த அன்று அம்மா ரசம் வைத்து, நிதானமாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குவாள். ஃபெயிலானவள் எப்படித் தூங்குகிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிஷினை ரிப்பேர் செய்திருக்கலாம். மெக்கானிக் உமர் பாய் மாசம் ஒருமுறை வருவார். "அத கடைசியா பாருங்க பாய்" என்பாள் அம்மா. கடைசிக்கு வருவதற்குள் அவருக்கு பம்மல் பஸ் வந்துவிடும்.

மிஷின் மட்டுமில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பார்கள். அல்லது ஊரப்பாக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவள்தான் வரச் சொல்லியிருப்பாள். கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து ஒருமுறை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சர்டிபிகேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, "எனக்கு இருக்குற ஞாபக மறதிக்கு ஆபீஸ் வேலை ஒரு கேடு" என்று சிரித்தாள். அவளுக்கு ஞாபக மறதி கிடையாது. தெருவில் எல்லோருடைய பிறந்தநாளும் தெரியும்.

1989இல் ஸ்ரீரங்கன் சார் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஈஸ்வரி, நான் பையனோட பெங்களூர் போயிடலாம்னு இருக்கேன். இந்த இடத்தை உங்ககிட்ட குடுத்துட்டுப் போனா எனக்கு நிம்மதி. ஆனா நடத்தறவா பேர்ல ஹையர் இருக்கணும். ஆகஸ்ட்ல முடிச்சுடுங்கோ. இல்லேன்னா வீட்டுக்காரம்மா இந்த மாடிய கேசட் கடைக்கு வாடகைக்கு விட்டுடுவா."

மெட்டில்டா ஆன்ட்டி ஹையர் முடித்தவர். அம்மாவின் பழைய மாணவி. சைதாப்பேட்டையில் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்துகொண்டு சாயங்கால பேட்சுக்கு உதவ வருவார். அரசு வேலை என்பதால் அவர் பெயரில் போட முடியாது. அம்மா தேற வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்டிட்யூட் போய்விடும்.

அந்த ஆகஸ்டிலும் அம்மா ஜன்னலோர மிஷினில்தான் தன் சீட்டைக் கட்டினாள்.

முதல் நாள் சாயங்காலம் மழை. டிரைசைக்கிள் சானடோரியம் பக்கத்தில் நனைந்தது. கோணி காப்பாற்றியதால் மிஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டுகள் கூழாகிவிட்டன. பள்ளிக்கூடத்து அட்டெண்டர் கைக்கு வந்த மிஷினைக் கண்ட மேஜையில் வைத்துவிட்டார்.

காலையில் அம்மா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே கதவோர மிஷின். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பம்மலிலிருந்து வந்து படித்த சித்திகாவின் முன்னால் ஜன்னலோர மிஷின் இருந்தது. அந்தப் பெண் ஹையர் எழுதுவது அதுதான் முதல் தடவை. மாற்றச் சொல்லி அம்மா எழுந்தாள். மணி அடித்துவிட்டது.

அம்மா சில வரிகள் அடித்தாள். ஒரு தப்பு விழுந்தது. நிறுத்தினாள். தலை சுற்றுகிறது என்று சூபர்வைசரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து, ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா ஓடிப்போய் சோடா வாங்கிவந்தார். "காலைல சாப்புட்டியா இல்லியா? அப்புறம் சுத்தாம இன்னா செய்யும்" என்று திட்டிக்கொண்டே விசிறினார்.

ரிசல்ட் வந்த அன்று சித்திகா ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்தாள். பாஸ்.

"எந்த மிஷின்ல பாஸ் பண்ணேன் தெரியுமா மேடம்? ஜன்னலோரம். பாத்ததும் கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

"தாண்டலியா?" என்றாள் அம்மா.

"வேகமா போனாதான தாண்டும்னு சொல்வீங்க. பயந்துகினு ஒரே சீரா அடிச்சேன். ஒரு எடத்துலதான் குதிச்சிது. பேஜார் புடிச்ச மிஷின்னு எல்லாம் சும்மா சொல்றாங்க மேடம்."

அம்மா கேசரியை வாங்கிக்கொண்டாள். நல்லா இருக்கிறது என்று சொன்னாள். வாயில் போடாமலே சொன்னாள்.

அன்று சாயங்காலம் மெட்டில்டா ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முன்னறையில் பாலிடெக்னிக் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு சமையலறையிலிருந்து கேட்டது.

"அக்கா, ஹால்லேந்து ஏன் எழுந்து வந்தீங்க?"

"அதான் சொன்னேனே. தலை சுத்துச்சு."

"ஜன்னலோர மிஷின்ல இத்தினி வருஷம் எழுதினீங்க. அப்ப ஒரு நாளும் சுத்தல. நல்ல மிஷின பாத்ததும் பேய பாத்த மாதிரி ஓடி வந்துட்டீங்க."

"வாய மூடு மெட்டில்டா. காபி குடி."

"குடிக்கறேன். சொல்லுங்க."

ஸ்டவ்வைப் பம்ப் செய்யும் சத்தம் கேட்டது. தேவைக்கு மேல் பம்ப் செய்தாள். பிறகு அம்மா சொன்னாள்.

"ஃபெயிலாயிட்டா அப்புறம் என்ன சொல்றது?"

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும்தான். அந்த மிஷின்ல ஃபெயிலானா, மிஷின் சரியில்லன்னு எல்லாருக்கும் தெரியும். என்னைப் பாவம்னுதான் சொல்வாங்க. இதுல ஃபெயிலானா எனக்கே வராதுன்னு ஆயிடும்ல."

"வரலன்னா வரல. திரும்ப எழுதுவீங்க. நான் லோயர் எத்தினி தடவ எழுதினேன்? நீங்கதான உக்கார வெச்சீங்க? அப்ப என்னைப் பாத்து வராதுன்னு சொன்னீங்களா?"

"நீ வேற."

"ஆமா, நான் வேற. எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்."

ஆன்ட்டி காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அப்போது எனக்குப் பாடத்தில் அளவுக் கருவிகள் நடந்துகொண்டிருந்தது. பிழை உள்ளதென்று தெரிந்த கருவியில் எடுத்த அளவை எங்கள் லேபில் ஏற்க மாட்டார்கள். அதை வைத்துக் கூடுதல் என்றும் சொல்ல முடியாது, குறைவு என்றும் சொல்ல முடியாது. அம்மா வருஷக்கணக்கில் தன்னை அப்படி ஒரு கருவியில்தான் அளந்துகொண்டிருந்தாள். அவளால் எவ்வளவு முடியும் என்பது எவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

மறுநாள் அவள் செய்த முதல் வேலை, சீட்டுக் கட்டும் பொறுப்பை மெட்டில்டா ஆன்ட்டியிடம் கொடுத்தது. இரண்டாவது, உமர் பாயிடம் ஜன்னலோர மிஷினை முதலில் பார்க்கச் சொன்னது. அவர் அதைப் பிரித்துப்போட்டுவிட்டு, "இத்தினி நாளு சொல்லியிருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன் மேடம்" என்றார். "தெரியும் பாய்" என்றாள்.

ஸ்ரீரங்கன் சார் பயணத்தைப் பிப்ரவரி பரீட்சைவரை தள்ளிப்போட்டார். அம்மா தினமும் சாயங்கால பேட்ச் முடிந்ததும் ஹையர் தாள் அடித்தாள். ஆன்ட்டி ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்பார். ஆரம்பத்தில் ஒரு தப்பு விழுந்தாலே அம்மா தாளை உருவிவிடுவாள். "உருவாதீங்க. முடிங்க" என்று ஆன்ட்டி கையைத் தட்டுவார். தப்போடு ஒரு தாளை முடிக்கப் பழகுவதற்கே மாசங்கள் ஆயின.

பரீட்சை வாரத்தில் அப்பா வந்து நின்றார்.

"தங்கச்சி வூட்ல காது குத்து. நீ வந்தாதான் வேல ஆவும்னு சொல்லிகினு கீது."

"வெள்ளிக்கெழம எனக்குப் பரீட்சை."

"நீ எழுதாத பரீட்சையா? எப்பவும் எழுதுறது, எப்பவும் ஊத்திக்கிறது."

"இந்த தடவையும் ஊத்திக்கலாம். ஆனா காது குத்தாலதான் ஊத்திக்கிச்சுன்னு நான் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் வரல."

அப்பாவுக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு தனியாகப் போனார். அத்தை அதன் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆனால் பரீட்சையன்று அப்பாதான் அவளை சைக்கிளில் வைத்து ஸ்டேஷனில் விட்டார்.

"இன்னா, தலை கிலை சுத்துதா?"

"சுத்துது. போய் எழுதிட்டு வரேன்."

கதவோர மிஷின். எழுதினாள். ரிசல்ட் வந்தது. ஃபெயில்.

வேகத் தாளில் தேறியிருந்தாள். கட்டம் போட்டு அடிக்கும் இரண்டாம் தாளான ஸ்டேட்மென்ட்டில் போய்விட்டது. அன்று அவள் ரசம் வைக்கவில்லை. எதுவும் வைக்கவில்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவள் ஃபெயிலுக்கு அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா ஓட்டலில் இட்லி வாங்கிவந்தார். "அந்த மிஷினும் கோளாறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மிஷின் நல்லாதான் இருந்துச்சு. நான்தான் கட்டத்துல கோட்டை விட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லியைச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். தாயாரம்மாள் அந்தக் காலத்தில் நிலபுலன் வைத்திருந்த குடும்பம். மருந்துக் கடைக் கட்டடமும் பக்கத்துக் கட்டடமும் அவருடையவை. ஊஞ்சலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ் ஆயிட்டியா?" என்றார்.

"இல்லம்மா. ஃபெயில்."

"ஃபெயிலாயிட்டா வந்து நிக்கிற?"

"ஆமாம்மா. எனக்கு அந்த எடம் வேணும். ஆகஸ்ட் வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க."

தாயாரம்மாள் பூவைக் கீழே வைத்தார். "யாருக்கு வேணும்?"

"எனக்கு."

"பசங்க படிக்கணும், அது இதுன்னு ஒண்ணும் சொல்லலியா?"

"பசங்க வேற எடத்துல போய்ப் படிப்பாங்கம்மா. எனக்குத்தான் வேணும்."

அம்மா வாயிலிருந்து 'எனக்கு வேணும்' என்று நான் அதற்கு முன் கேட்டதில்லை. புடவைக் கடையில்கூட, "உனக்குப் புடிச்சத எடு" என்றுதான் என்னிடம் சொல்வாள்.

"கேசட்டுக் கடைக்காரன் தெனம் வந்துகினு கீறான்" என்றார் தாயாரம்மாள். "அவன் போடற பாட்டுக்கு என் காது அவிஞ்சிடும். உங்க லொட்டு லொட்டு எனக்குப் பழகிப்போச்சு. ஆகஸ்டு. அதுக்கு மேல என்கிட்ட நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

ஸ்ரீரங்கன் சார் பெங்களூர் போய்விட்டார். ஆகஸ்ட்வரை இன்ஸ்டிட்யூட் தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று பெயர்ப் பலகையை மாற்றாமல் விட்டுப்போனார். அம்மா ஆறு மாதமும் ஸ்டேட்மென்ட் மட்டும் அடித்தாள். விரல் நுனி வீங்கி, சப்பாத்தி மாவு பிசைய முடியாமல் நான் பிசைந்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். களைத்திருந்தாள். எரிந்து விழுந்தாள். பரீட்சைக்கு முந்தின நாள், "வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு தானே, "வேணாம். அது வருது, அவ்ளோதான்" என்றாள்.

ஆகஸ்டில் நடந்ததை அவளே சொல்லித் தெரியும். இரண்டாவது வரியிலேயே தப்பு விழுந்தது. எழுந்துவிடக் கால் தயாரானது. நாற்காலிக் காலில் பாதத்தைப் பின்னிக்கொண்டு மேலே அடித்தாள். மணி அடித்து, தாளைக் கொடுத்து, எல்லோரும் எழுந்த பிறகும் அவளால் பாதத்தை எடுக்க முடியவில்லை. மரத்துப்போயிருந்தது. சூபர்வைசர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். "சரியாதான் சார் இருக்குது" என்றாளாம்.

செகண்ட் கிளாஸில் தேறினாள். தேறத் தேவையானதற்கு மேல் ஒரு மார்க்கு கிடையாது. அந்த மாடி அவள் பெயருக்கு வந்தது. கடைசிவரை நடத்தினாள்.

அந்தக் கோளாறு அதோடு போய்விடவில்லை. ஒவ்வொரு பெரிய காரியத்துக்கு முன்னாலும் வரும். என் கல்யாணப் பேச்சில் வந்தது. பக்கத்து அறையையும் சேர்த்து எடுக்க நினைத்தபோது வந்தது. காய்ச்சல் வருவதை முன்கூட்டியே உணர்கிறவர்கள் மாதிரி அதை அவள் அடையாளம் கண்டுகொள்வாள். சிலசமயம் அது ஜெயிக்கும். பக்கத்து அறையை அவள் எடுக்கவே இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பேட்சுகள் குறைந்தன. காலை பேட்சில் இரண்டு பேர், மூன்று பேர். போன வருஷம், ஐம்பதைத் தாண்டிய வயதில், பெருங்களத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். காலேஜ் பசங்களோடு உட்கார்ந்து படித்தாள். முதல் டெஸ்டில் ஃபெயில். அன்று மாலை நான் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து நேராக அவளைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும், "ஃபெயிலு" என்றாள். "மவுஸு கையில நிக்க மாட்டேங்குது. தையில திரும்ப எழுதணும்."

கார்த்திகையில் போய்விட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அந்த சென்டரில் சொல்லிக்கொடுக்கும் பெண் வந்திருந்தாள். சின்னப் பெண். அழுதாள். "தையில ஆன்ட்டி கண்டிப்பா பாஸ் பண்ணியிருப்பாங்கக்கா" என்றாள்.

தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. பாஸாகியிருக்கலாம், ஃபெயிலாகியிருக்கலாம். போய் உட்கார்ந்திருப்பாள். அது மட்டும் தெரியும்.